மொட்டை மாடியில் ஒரு காந்தச் சங்கிலி

ஆடு மேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மாடு மேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆபீசில் ஆள் மேய்ப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் கண்ணுக்கே தெரியாத காந்தங்களைக் கம்ப்யூட்டருக்குள் விட்டு வருஷக்கணக்கில் மேய்த்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து இந்த மதுரை ஜில்லாவிலேயே, எங்கள் காந்தக்கா மட்டும்தான். இதை யாராவது மறுப்பதாக இருந்தால் நேரில் வரலாம். நான் சண்டைக்குத் தயார்.

கே.கே. நகரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்றில் நாங்கள் இருந்தோம். நான் பக்கத்துத் தெரு கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஈஸ்வரி அக்கா வங்கியில் வேலை பார்த்தாள். ஜெயந்தி நர்ஸ். காந்தக்கா மேலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், பி.எச்டி. படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நான் பெட்டி படுக்கையோடு அந்த அறைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு மணிமாலை புழு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"வந்தவ மொதல்ல கதவச் சாத்து. வளையம் மூடப் போகுது."

காற்றுப் பட்டால் அது கலைந்துவிடும் என்று நினைத்து, நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஒரு வாரம் மின்விசிறியையே பயந்து பயந்துதான் போட்டேன். வராந்தாவில் நடக்கிறவர்கள் சத்தம் அவளுக்கு இடைஞ்சல், அதற்குத்தான் சாத்தச் சொன்னாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"இது என்னக்கா?" என்று கேட்டேன்.

"காந்தம்டி. ஒரு தலமுடி தடிமனுக்குள்ள ஆயிரக்கணக்குல அடுக்கலாம், அம்புட்டுச் சின்னக் காந்தம். அதைச் சங்கிலியாக் கோத்திருக்கேன். சின்னச் சின்னத் துண்டு ஒண்ணோட ஒண்ணு கோத்து நீளமாக் கெடந்தா பாலிமர்னு பேரு. இந்தா நீ கையில வச்சிருக்கயே பிளாஸ்டிக் கவர், அதுவும் அந்த ஜாதிதான். நான் துண்டுக்குப் பதிலாக் காந்தத்தைக் கோக்குறேன்."

"எங்கக்கா, காட்டுங்க."

"இந்தாதான் ஓடுதே."

"இது படம். நெசக் காந்தம் எங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளிடம் நிஜக் காந்தம் ஒன்றுகூட இருந்ததில்லை. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு வடக்கு, ஒரு தெற்கு. பக்கத்துத் துகள் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும். சூடு அதை எப்படிச் சும்மா இருக்க விடாமல் உலுக்கும். இவ்வளவையும் கணக்காக எழுதிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டு, அதுகள் என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. இதற்கு சிமுலேஷன் என்று பெயர்.

நான் கிளினிக்கில் வேலை பார்ப்பவள். எதையும் எதற்கு என்று கேட்காமல் இருக்க மாட்டேன். "இதால என்னக்கா பிரயோஜனம்?" என்றேன்.

"ஒடம்புக்குள்ள மருந்தத் தூக்கிட்டுப் போயி வேணுங்கிற எடத்துல விடலாம்னு சொல்றாக. அதச் செய்ய வேற ஆளுக இருக்காக. செய்யிறதுக்கு முன்னாடி இது வளையுமா நிமிருமான்னு சொல்லணும்ல, அது என் பொறுப்பு. நான் தப்பாச் சொன்னா அவுக அம்புட்டுப் பேரும் தப்பாச் செய்வாக." இதை அவள் சொன்ன தோரணையில், உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் இவள் பதிலுக்காக எங்கள் ஹாஸ்டல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

வார்டனம்மா மட்டும் இந்த விளக்கத்தை நம்பவில்லை. காந்தம் என்றால் காந்தம்தான், கிட்டே போனால் கார்டு கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. தன் ஏ.டி.எம். கார்டை எடுத்துக்கொண்டு எங்கள் மாடிக்கு அவர் ஏறியதே இல்லை. கீழேயே ஈஸ்வரி அக்காவிடம் கார்டைக் கொடுத்துவிட்டு, "பத்திரமா வச்சுக்கம்மா, மேல அந்தப் பிள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுவார். ஈஸ்வரி அக்கா அந்தக் கார்டோடு எங்கள் அறையில்தான் உட்கார்ந்திருப்பாள்.

காந்தக்காவுக்குக் கம்ப்யூட்டருக்குள் ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயம் என்றெல்லாம் கிடையாது. அவளுடைய சிமுலேஷனில் துகள்கள் ஒரு பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் வலது சுவர் வழியாக ஒரு துகள் வெளியே போனால், அதே நொடியில் இடது சுவர் வழியாக உள்ளே வந்துவிடும். சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு முடிவே இல்லாத இடம் மாதிரி கணக்குப் போட அது ஒரு வழியாம். எங்கள் சாப்பாட்டு அறைக்கு இரண்டு கதவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை வரிசையின் கடைசியில் நின்ற காந்தக்கா, பின்கதவு வழியாக வெளியே போய், சுற்றி வந்து, முன்கதவு வழியாக நுழைந்து, தட்டை நீட்டிக்கொண்டு கல்லுக்கு எதிரிலேயே நின்றாள்.

"ஏ காந்தம், வரிசையில வா" என்றாள் ஈஸ்வரி அக்கா.

"வரிசையிலதான் வந்தேன். இந்தப் பக்கம் வெளிய போனா அந்தப் பக்கம் உள்ள வரணும். அதுதான் விதி."

"அந்த விதியெல்லாம் ஒம் பெட்டிக்குள்ள வச்சுக்க. இது தோசை."

இந்த ஈஸ்வரி அக்காதான் பிற்பாடு ஒரு பெரும் பாவத்தைச் செய்தாள். கோரிப்பாளையத்தில் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம். பட்டுப்புடவையைத் தேய்க்க வேண்டும். அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் காந்தக்காவின் கம்ப்யூட்டர் பல நாளாக ஓடிக்கொண்டிருந்தது. காந்தக்கா குளிக்கப் போயிருந்தாள். ஈஸ்வரி அக்கா அதைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். புடவை பளபளவென்று ஆனது.

ஈரத்தலையோடு வந்த காந்தக்கா திரையைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று நாங்கள் காதைப் பொத்தத் தயாராக இருந்தோம். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "தலையும் வாலும் தொடப் போற நேரம்டி. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சேந்திருக்கும்."

நடுநடுவே சேமித்து வைத்திருக்கக் கூடாதா என்று ஜெயந்தி கேட்டதும்தான் அழவே ஆரம்பித்தாள். வைக்கவில்லையாம். ஈஸ்வரி அக்கா கல்யாண வீட்டிலிருந்து ஒரு டப்பா பிரியாணி கொண்டுவந்து, காலடியில் வைத்தாள். காந்தக்கா எழுந்து உட்கார்ந்து, அழுதுகொண்டே சாப்பிட்டாள். "பிரியாணி நல்லாத்தேன் இருக்கு" என்று இடையில் சொல்லவும் செய்தாள். மறுநாள் அந்தக் கணக்கை முதலிலிருந்து ஓட்டத் தொடங்கினாள்.

இவ்வளவு வாய் பேசுகிற பெண்ணுக்கு ஒரு கோளாறு உண்டு. தெரியாத நாலு பேர் முன்னால் நிறுத்தினால் குரல் வராது. பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் மேடையேறி "குட் மார்னிங்" என்று சொன்னவள், அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் இறங்கிவிட்டாள். மிச்சத்தை அவளுடைய கைடு பேசி முடித்தார். இதை அவளே எங்களிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பாள். நாங்களும் சிரித்திருக்கிறோம். ஆய்வேட்டைக் கொடுத்து, வைவாவுக்குத் தேதி குறித்த அன்றுதான் சிரிப்பு நின்றது. வைவாவில் கைடு பேச முடியாது. வெளியூரிலிருந்து வரும் பேராசிரியர் கேள்வி கேட்பார். இவள்தான் பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருஷ உழைப்பும் அந்த ஒரு மணி நேரம் குரல் வருவதில்தான் இருந்தது.

"எங்ககிட்டச் சொல்லிப் பழகுங்கக்கா" என்றேன்.

சொன்னாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடுப்பாகி, எல்லாரையும் மொட்டை மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். ஞாயிறு சாயங்காலம், துணி காய்ந்துகொண்டிருந்தது.

"வலது கை வடக்கு, இடது கை தெக்கு. ஒருத்தி வடக்கை அடுத்தவ தெக்கு புடிங்க. ஆங், இப்ப நீங்க சங்கிலி. நான் சூடு." என்று சொல்லிவிட்டு, சூடு வந்து எங்களை ஒவ்வொருத்தியாக உலுக்கியது. நாங்கள் தள்ளாடினோம், வளைந்தோம். ஒரு முனையில் ஜெயந்தியின் வலது கையும் மறுமுனையில் ஈஸ்வரி அக்காவின் இடது கையும் சும்மா இருந்தன. அவர்கள் கிட்டே வந்ததும் "புடி, புடி!" என்று கத்தினாள். பிடித்தார்கள். வளையம் மூடியது. முதல் நாள் அவள் வளையம் மூடப் போகுது என்றது எதை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு கையை விடச் சொல்லி, ஷாலால் இடுப்போடு இடுப்பாகக் கட்டிவிட்டாள். "இப்பவும் சங்கிலிதான். ஆனா யாரு எந்தப் பக்கம் வேணா திரும்பிக்கலாம். திரும்புங்க." திரும்பினோம். இழுபட்டு, ஒருத்திக்கு ஒருத்தி எதிரும் புதிருமாக நின்று, கடைசியில் ஒரே கும்பலாகச் சுருண்டு தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்தோம். அதே பெண்கள், அதே பலம். கோத்த விதம் மாறியதும் உருவமே மாறிவிட்டது. அவள் ஆய்வேட்டின் சாரமே அதுதான்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஓர் அம்மா, "எந்தக் கோயிலுக்குத் தாயி கும்மி?" என்று விசாரித்தார்.

அந்தச் சத்தத்தில் வார்டனம்மா மேலே வந்துவிட்டார். படிக்கட்டு வாசலில் கரண்டியோடு அவர் தலை தெரிந்ததும், ஷாலை அவிழ்த்து மறுபடி கைகோத்து நின்ற எங்கள் வளையம் பட்டென்று உடைந்து, அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பி நேர்கோட்டில் நின்றோம். காந்தக்கா துள்ளிக் குதித்தாள்.

"இதுதாண்டி வெளிக்காந்தப் புலம்! வெளிய இருந்து பெரிய காந்தம் இழுத்தா இப்பிடித்தான்! வார்டனம்மா, அசையாதீங்க! அப்பிடியே நில்லுங்க! கொஞ்சம் லேசா மொறைங்க... இம்புட்டு வேணாம்... லேசா மொறச்சா வளையம் தாங்கும், ஓங்கி மொறச்சா ஒடஞ்சு நேராயிரும், அதான் கணக்கு!"

தன்னைத் திட்டுகிறார்களா புகழ்கிறார்களா என்று வார்டனம்மாவுக்குப் பிடிபடவில்லை. ஆனால் சொன்னபடி முறைத்தார். அதற்குப் பிறகு ஒத்திகைக்குக் கூப்பிடாமலே வரத் தொடங்கினார்.

வைவா அன்று எல்லாரும் லீவு போட்டோம். வார்டனம்மாவும் எங்களோடு கிளம்பிவிட்டார். பல்கலைக்கழகத்தில் அந்த ஹாலைக் கண்டுபிடித்துப் பின்வரிசையில் உட்கார்ந்ததும், ஒருவர் மைக்கில் ஆய்வாளரின் பெயரைப் படித்தார். யாரோ ஒரு பெண்ணின் பெயர். வேறு யாருடைய வைவாவுக்கோ வந்துவிட்டோம் என்று பதறி, மொத்தமாக எழுந்து வெளியே போய்விட்டோம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் மேடையில் காந்தக்கா நிற்கிறாள். அவளுக்கு அப்படியும் ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடி வரிசையாக உள்ளே போய் உட்கார்ந்தோம். முன்வரிசையில் மேலூரிலிருந்து வந்த அவளுடைய அப்பாவும் அம்மாவும் வெள்ளை வேட்டியும் பட்டுப்புடவையுமாக, அசையாமல் இருந்தார்கள்.

படங்களைக் காட்டிக்கொண்டு எழுதிவைத்ததை வாசிக்கிற வரைக்கும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டாள். பிறகு வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார்: காந்தங்களின் பலம் ஒன்றுதான், எண்ணிக்கையும் ஒன்றுதான், கோக்கும் விதம் மாறினால் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம் வர வேண்டும்?

எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட வருகிறவர்களுக்குக்கூடப் பதில் தெரிந்த கேள்வி. காந்தக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் குடித்தாள். மறுபடி திறந்தாள். பேராசிரியர் நல்ல மனிதர்; கேள்வியை வேறு மாதிரிக் கேட்டுப் பார்த்தார். கைடு தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய அப்பா மெதுவாகத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

என் பக்கத்தில் ஈஸ்வரி அக்கா எழுந்து நின்றாள். "வாங்கடி" என்றாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் ஜெயந்தியை இழுத்தேன். அத்தனை பேரும் கைகோத்தபடி நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து மேடைக்கு முன்னால் போய் நின்றோம். யாரும் தடுக்கவில்லை, என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தானே தடுப்பதற்கு. வளைந்தோம், தள்ளாடினோம், வளையத்தை மூடினோம். சரியாகத்தான் செய்தோம். பிறகு ஷாலை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டோம்.

அங்கேதான் கோட்டை விட்டோம். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற படபடப்பில் யாருக்கும் திரும்பத் தோன்றவில்லை. வட்டமாக நின்று எல்லாரும் உள்பக்கமே பார்த்தோம். வட்டமாகப் பெண்கள் நின்று, கையும் சும்மா இருந்தால், எங்கள் ஊரில் அடுத்து என்ன நடக்கும்? ஈஸ்வரி அக்கா கையைத் தட்டிவிட்டாள். அவள் தட்டியதும் ஜெயந்தி குனிந்து தட்டினாள். எனக்கும் கால் தன்னால் எடுத்து வைத்தது. முனைவர் பட்ட வைவாவில் கும்மி தொடங்கிவிட்டது.

"ஏடி ஈஸ்வரி!"

ஹாலே அதிர்ந்தது. மைக் தேவைப்படவில்லை.

"கையத் தட்டச் சொன்னது யாருடி? இடுப்புலதான கட்டியிருக்கு, மூஞ்சி எதுக்கு அம்புட்டுப் பேருக்கும் ஒரே பக்கம் இருக்கு? கையக் கோத்தாத்தான் தெசையும் சேந்து கட்டுப்படும்! அப்பத்தான் வளையுறதுன்னா எல்லாரும் ஒத்து வளையணும், தலையும் வாலும் சேந்தா வளையம்! இடுப்புல கட்டினா ஆளுக்குத்தான் கட்டு, தெசை அவ அவ இஷ்டம்! பக்கத்துல இருக்கிறவளுக்கு எதுத்தாப்புல திரும்பி ஒட்டிக்குவா, ஒட்டிக்கிட்டா கும்பலாயிரும்! எத்தன தடவடி சொல்றது? திரும்புங்க!"

திரும்பினோம். பயந்துபோய்த் திரும்பினோம். கும்பலாகச் சுருண்டு முன்வரிசை மேஜைமேல் சாய்ந்தோம். மேஜையில் இருந்த சமோசாத் தட்டை அவளுடைய அம்மா தாவிப் பிடித்துக் காப்பாற்றினார்.

பேராசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "வெளிப்புலம் வந்தால்?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையில் வார்டனம்மா கைப்பையோடு எழுந்து நின்று முறைத்தார். நாங்கள் நேரானோம். காந்தக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பேராசிரியர் பக்கம் திரும்பிக் கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் கேட்டது எதுவும் எங்களுக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் சரம் சரமாகக் கேட்டார். அவள் ஆங்கிலத்தில் சரம் சரமாகப் பதில் சொன்னாள். ஓர் இடத்தில் அவர் எதையோ மறுத்தார். இவள் பலகைக்குப் போய் நீளமாக ஒரு கணக்கை எழுதிக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டினார். பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அவர் எழுந்து நின்று அறிவித்தபோது, என் கை வலிக்க வலிக்கத் தட்டினேன். என் சொந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. இப்போது அவள் கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர் தேசத்தில் இதே வேலையைச் செய்கிறாள். அங்கேயும் யாரையாவது இடுப்பில் கட்டிவிட்டுத் திட்டிக்கொண்டிருப்பாள்.

அன்று சால்வை போட்டு, போட்டோ எடுத்து, சமோசா பரிமாறியபோது பேராசிரியர் எங்கள் பக்கம் வந்தார். காந்தக்கா அம்மா அப்பாவை முதலில் அறிமுகப்படுத்தினாள். அவர் எங்களைக் காட்டி, "இவங்கள்லாம் யாரு? உங்க ஸ்டூடண்ட்ஸா?" என்று கேட்டார்.

அவள் எங்களை ஒருமுறை பார்த்தாள். ஈஸ்வரி அக்கா இடுப்பில் இன்னும் ஷால் அவிழ்க்காமல் இருந்தது.

"இல்ல சார். இவளுகதான் என் துகள்கள்" என்றாள்.

என்னை எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் எப்படியெல்லாமோ அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். இவ்வளவு உரிமையோடு யாரும் சொன்னதில்லை.